முதலில் மிதவை, பிறகுதான் 4கே

நவம்பர் முதல் மார்ச் வரை, வடகிழக்குப் பருவக்காற்றால் பகாங்கின் செராத்திங் கடற்கரையில் அலைகள் உயரும். அங்கே அலைச்சறுக்கைப் படம்பிடிக்க நினைக்கும் மாணவர்களே, கேமரா 4கேயா 5கேயா என்று பார்ப்பதற்கு முன், அதை எப்படிப் பொருத்துவது என்று யோசியுங்கள்.

கோப்ரோ போன்ற சிறு கேமராவின் எடை சுமார் 150 கிராம். அது விலக்கும் நீரின் எடை அதைவிடக் குறைவு. ஆகவே, ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது மூழ்கிவிடும். மிதவை கட்டாயம் வேண்டும்.

பலகையின் முனையில் மெழுகைத் துடைத்து, நன்கு உலர்ந்தபின், ஒட்டுப்பிடியை 24 மணி நேரத்திற்கு முன்பே ஒட்டிவிடுங்கள். பிடி கழன்றாலும் காப்பாற்ற, கேமராவைத் தனிக் கயிற்றால் பலகையோடு கட்டுங்கள்.

கேமரா தொலைந்தால் போவது உங்கள் ரிங்கிட் மட்டுமல்ல. கடலடியில் ஒரு லித்தியம் மின்கலமும் குப்பையாகச் சேரும். விலை குறைந்த கேமராவையே வாங்குங்கள்; மிச்சப் பணத்தில் மிதவையும் கயிறும் வாங்குங்கள்.