வலி இல்லை, அறுவைச் சிகிச்சை எதற்கு?

பெங்களூருவின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரிவோரிடையே ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்வது பரவலாகிவிட்டது. வயிற்றை ஸ்கேன் செய்யும்போது சிலருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தற்செயலாகத் தெரியவருகிறது. வலியில்லை, காய்ச்சலில்லை, எனினும், பித்தப்பையை அகற்றிவிடுவது நல்லது என்ற ஆலோசனை அவர்களில் சிலருக்குத் தரப்படுகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி பகுதிகளிலிருந்து மருத்துவத்துக்காக அந்நகரை நாடும் தமிழர்களுக்கும் இது அன்னியமான கேள்வியல்ல.

இந்த ஆலோசனையை வணிக நோக்கம் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, பித்தப்பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தாலோ, உள்ளே 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்த சதைமொட்டு காணப்பட்டாலோ புற்றுநோய் அபாயம் கூடுகிறது. பித்தநாளமும் கணைய நாளமும் பிறவியிலேயே முறைதவறி இணைந்திருப்போருக்கும் இந்த ஆபத்து உண்டு. பித்தப்பைப் புற்றுநோய் தொடக்கத்தில் அறிகுறி காட்டுவது அரிது. மஞ்சள் காமாலை தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இத்தகையோர் வலி வரட்டும் என்று காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

சிலருக்குத் தொழிலே காரணமாகிறது. ககன்யான் திட்டத்துக்கான வீரர்களின் முதற்கட்டத் தேர்வு 2019-இல் நடைபெற்றது, பெங்களூருவிலுள்ள விமானப்படையின் விண்வெளி மருத்துவ நிறுவனத்தில்தான். நடுவானில் திடீரென எழும் பித்தக்கல் வலி, விமானி ஒருவரின் துன்பத்தோடு முடிந்துவிடாது. ஆகவே, விமானிகளுக்கு வேறு அளவுகோல் வைப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், பெரும்பான்மையோர் இந்த வகைகளில் அடங்குவதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வலியற்ற பித்தக்கல் உடைய 123 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1982-இல் வெளியானது. 20 ஆண்டுகளில் வலி கண்டவர்கள் சுமார் 18 சதவீதத்தினரே என்று அது கணக்கிட்டது. இத்தகையோரைக் கவனித்து வருவதே போதும் என்பது இன்றளவும் உலகெங்கும் ஏற்கப்பட்ட பொது நெறி.

லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை அகற்றும் சிகிச்சை 1990-இல் மும்பையில் இந்தியாவுக்கு அறிமுகமானது. பெரிய தழும்பு இல்லை. ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆயினும், அரிதாகப் பித்தநாளம் காயமுற்றால் மீண்டும் மீண்டும் சிகிச்சை தேவைப்படலாம். எளிதாகச் செய்ய முடியும் என்பது, செய்தே ஆக வேண்டும் என்பதற்குக் காரணமாகிவிடாது.

புற்றுநோய் அச்சமும் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. கங்கைச் சமவெளியிலும் தில்லியிலும் அசாமிலும் பெண்களிடையே பித்தப்பைப் புற்றுநோய் அதிகம். பெங்களூருவிலும் சென்னையிலும் அது மிகக் குறைவு. இதைச் சொல்லும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் தலைமையகமே பெங்களூருவில்தான் இருக்கிறது. வடக்கின் அச்சத்தைக் காட்டித் தெற்கில் கத்தி எடுப்பது முறையாகாது.

சட்டம் இதில் மெளனம் சாதிக்கவில்லை. தில்லியில் எழுந்த சமீரா கோலி வழக்கில் 2008-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் நோக்கம், மாற்று வழிகள், ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடிய விளைவுகள் ஆகியவற்றை விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்றது. தேவையற்ற கருப்பை அகற்றங்கள் குறித்து 2023-இல், மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதங்களில் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டதும் அதே நீதிமன்றம்தான்.

கருப்பைக்குக் காட்டிய அக்கறை பித்தப்பைக்கும் வேண்டும். வலியில்லாதவரின் பித்தப்பையை அகற்றப் பரிந்துரைக்கும் மருத்துவர், கல்லின் அளவா, சதைமொட்டா, தொழிலா என்று காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அரசுக் காப்பீட்டுத் திட்டங்களும் தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் அந்தக் காரணத்தைக் கேட்டுப் பெற்ற பிறகே பணம் வழங்க வேண்டும். தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தை 2017-இல் திருத்திய கர்நாடகம் இதில் முன்கை எடுக்கலாம், தமிழகமும் பின்பற்றலாம்.

காரணத்தை எழுதித் தருவதில் நேர்மையான மருத்துவருக்கு இழப்பு ஏதுமில்லை. எழுதத் தயங்குவோர் யார் என்பது நோயாளிக்குத் தெரிந்தாக வேண்டும்.