யாரும் எண்ணாத எதிர்ப்பு

வாக்குப் போடாமல் விடுவதும் ஒரு எதிர்ப்புத்தான் என்று யாழ்ப்பாணத்தில் படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால், வீட்டில் இருந்துவிட்டால் அந்தக் கோபம் கொழும்புக்குக் கேட்கும் என்ற நம்பிக்கை பொய்.

1994 பொதுத் தேர்தலைப் பாருங்கள். குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், தீவுப்பகுதிக்கு வெளியே வாக்களிப்பு அநேகமாக நடக்கவில்லை. ஈ.பி.டி.பி. ஏறத்தாழ 10,700 வாக்குகளோடு 9 பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. கதிரைகள் வெறுமையாகக் கிடக்கவில்லை. மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது பதிவான வாக்காளர் தொகையைப் பொறுத்தது. அவற்றைப் பங்கிடுவதோ செல்லுபடியான வாக்குகளைக் கொண்டு மட்டும். இத்தனை வீதம் பேர் வந்தால்தான் முடிவு செல்லும் என்ற விதி எங்கும் இல்லை.

2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் 7 இலட்சம் வாக்காளர்களில் வாக்களித்தோர் 1.2 வீதம். மகிந்த ராஜபக்ச வென்றது சுமார் 1,80,000 வாக்குகளால். அது புலிகள் விதித்த புறக்கணிப்பு என்பார்கள். உண்மை. அச்சத்தில் வீட்டுக்குள் இருந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பயந்தவர், வெறுத்தவர், அக்கறையே இல்லாதவர் எல்லாரும் பெறுபேற்றுத் தாளில் ஒன்றுதான். எதை எதிர்க்கிறோம் என்று எதிரே நிற்பவருக்கு விளங்காவிட்டால் அது என்ன எதிர்ப்பு?

1931இன் கதை வேறு. பூரண சுயராச்சியம் கேட்டு யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. வேட்புமனு கொடுக்க எவரும் முன்வராததால் குடாநாட்டின் 4 ஆசனங்களும் உண்மையாகவே வெறுமையாகின. கோரிக்கை பகிரங்கமானது, ஊர் ஊராகத் திரட்டப்பட்டது. அந்த இளைஞர்களை மதிக்கிறேன். அப்படியிருந்தும் 1934 இடைத்தேர்தல் வரை சபையில் குடாநாட்டுக்குக் குரல் இல்லை. அதுவரை வாக்கே இல்லாதிருந்த பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தல் அந்த 1931 தேர்தல்தான். அவர்கள் கைக்கு வந்த உரிமையை, அவர்களைக் கேட்டா விட்டுக்கொடுத்தார்கள்?

நிற்பவர்களில் எவரையும் பிடிக்கவில்லையென்றால் வேறொருவரை நிறுத்தலாம். 2024இல் யாழ். மாவட்டத்தின் 6 ஆசனங்களில் ஒன்றை ஒரு சுயேச்சைக் குழு வென்றது.

வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான் நடத்துகிறார். ஒரு தேர்தலை அரசே தராமல் வைத்திருக்கும்போது, மிச்சத்தையும் நாங்களாகவே விடச் சொல்கிறவர்கள் முதலில் அந்தத் தேர்தலைக் கேட்டு வீதிக்கு வரட்டும்.