குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளமா?

குறட்டை விட்டு உறங்குபவரைக் கண்டால், "கவலையற்ற உறக்கம்" என்று மெச்சுவது நம்மவர் வழக்கம். இவ்வெண்ணம் மாறவேண்டும். உரத்த குறட்டையின் நடுவே மூச்சு அடிக்கடி நின்று, பின் திணறலோடு மீளுமாயின், அஃது இதயத்துக்கு வந்த எச்சரிக்கை.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியால் மூச்சுப்பாதையே அடைபட்டு, 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று உட்புகுவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது. இரத்த அழுத்தம் சட்டென உயர்கிறது. கடுமையான நோயுடையோர்க்கு ஓரிரவில் இது நூறு முறைக்கு மேலும் நிகழலாம். ஓய்வு பெறவேண்டிய வேளையிலே இதயம் வதைபடுகிறது. உயர் இரத்த அழுத்தம், இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைதல், இதயத் தளர்ச்சி, பக்கவாதம் ஆகியன இந்நோயோடு தொடர்புடையன. இத்தகைய நோயாளரில் நூற்றுக்கு 40 முதல் 80 பேர் வரை உறக்க மூச்சுத்தடையும் உடையவர் என 2021 இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது.

கரடியனாற்று உழவருக்கு இதில் தனியே ஓர் ஆபத்து உண்டு. யானைக்கு அஞ்சி இரவெல்லாம் வயற்காவல் இருப்போர், பகற்சோர்வைக் காவலின் விளைவென்றே கொள்வர். காவலில்லாத நாளில் விடியும்வரை உறங்கியும் சோர்வு தீராவிடின், காரணம் வேறாகலாம். அலுவலக நாற்காலியிலே கண்ணயரும் உத்தியோகத்தருக்கும் இது பொருந்தும். தம் மூச்சு நிற்பதை உறங்குபவர் அறியார். அருகில் உறங்குபவரே அறிவார்.

பரிகாரம் இல்லாமலில்லை. உடற்பருமனைக் குறைத்தலும், மதுவை விடுதலும், ஒருக்களித்துப் படுத்தலும் பலருக்குப் பயன் தரும். முகமூடி வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் முறையை 1981 இல் ஆஸ்திரேலிய மருத்துவர் கொலின் சலிவன் உலகுக்கு அளித்தார். அது சர்வரோக நிவாரணியன்று. ஏற்கெனவே இதய, மூளைக் குருதிக்குழாய் நோயுற்ற 2,717 பேரிடம் நடத்தி 2016 இல் வெளியிட்ட ஆய்வில், அக்கருவி பகலுறக்கத்தைக் குறைத்ததேயன்றி, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆயின், அந்நோயாளர் கருவியை அணிந்தது சராசரியாக இரவுக்கு 3 மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். நோய் முற்றுமுன் கண்டறிதலும் கருவியைத் தவறாது பயன்படுத்தலும் எவ்வளவு வேண்டற்பாலன என்பதை இஃது உணர்த்துகிறதன்றோ?

ஆகவே நாம் கேட்பது பெரிதன்று. கிராமத்து வைத்தியசாலை முதல் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வரை, இரத்த அழுத்தம் பார்க்கும் இடமெங்கும் இரு வினாக்கள் கேட்கப்படட்டும்: "உறக்கத்தில் மூச்சு நிற்பதாக வீட்டார் சொன்னதுண்டா? பகலில் உம்மை மீறி உறக்கம் வருகிறதா?" இவ்வினாக்களுக்குக் காசு செலவில்லை. "ஆம்" என்போருக்கு உறக்கப் பரிசோதனையும், கருவி வாங்க இயலாத ஏழைக்கு இரவற் கருவியும் கிடைக்க அரசு வழி செய்யவேண்டும். இலவச வைத்தியம் உழவனின் உரிமை. அவ்வுரிமை அவன் உறங்கும் வேளையிலும் அவனைக் காக்கட்டும்!