எத்தனை ‘ஜி’ சார்?

‘‘சூரியப் புயல் வருதாமே... ராத்திரி செல்போனை ஆஃப் பண்ணிட்டுத்தான் படுக்கணுமாம். நிஜமாவா சார்?’’

நண்பர் ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். அதே செல்போனில்தான்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குற்றவாளிகள் நாங்கள்... பத்திரிகைக்காரர்கள். ‘பூமியைத் தாக்க வருகிறது ராட்சத சூரியப் புயல்!’ என்று கொட்டை எழுத்தில் போடுவோம். மறுநாள் வழக்கம்போலப் பொழுது விடியும். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று மட்டும் செய்தி போடமாட்டோம்.

இத்தனைக்கும் சூரியனுக்கென்று தினசரி வானிலை அறிக்கையே இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் நகரில் இருக்கும் அரசு விண்வெளி வானிலை மையம், தினமும் இரண்டு தடவை மூன்று நாள் கணிப்பை வெளியிடுகிறது. யாரும் பார்க்கலாம், பைசா செலவில்லை. புவிகாந்தப் புயலுக்கு ஜி-1 முதல் ஜி-5 வரை மார்க். சூரியனின் 11 வருடச் சுழற்சியில், ஜி-1 சராசரியாக 900 நாட்கள் வரும். ஜி-5 நாலே நாட்கள். நாங்கள் போடுவதோ இரண்டுக்கும் ஒரே தலைப்பு!

‘அவங்களும் 30 சதவிகிதம், 60 சதவிகிதம்னு மழுப்பறாங்களே?’ என்பீர்கள். மழுப்பல் இல்லை சார், நேர்மை. சூரிய வெடிப்பின் ஒளி எட்டு நிமிடத்தில் இங்கே வந்துவிடும். வெடித்ததே அப்போதுதான் தெரியும். முன்கூட்டியே சொல்வதென்றால் சதவிகிதத்தில்தான் சொல்ல முடியும். கூடவே சில சமயம் கிளம்பும் பிளாஸ்மா மேகம் வந்துசேர, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள். அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் புயல் உக்கிரமாகும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விண்கலங்களை அது கடக்கும்போதுதான் அந்த விவரம் உறுதியாகும். அதற்குப் பிறகு கையில் மிஞ்சுவது அதிகபட்சம் ஒரு மணி நேரம். நம்ம ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 ஜனவரியில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்தது லாப நஷ்டக் கணக்கு. 1989 மார்ச் 13 அன்று வந்த புயலில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் சுமார் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். 2022 பிப்ரவரியில் வந்ததோ சின்னப் புயல். ஆனால் வளிமண்டலம் சூடேறி உப்பியதில், அப்போதுதான் ஏவப்பட்டிருந்த 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 பறிபோயின. 2024 மே 10 அன்று ஜி-5 புயல் வந்தது, 2003-க்குப் பிறகு முதல் தடவையாக. விதைப்பு நேரத்தில் ஜி.பி.எஸ். குழம்பி, அமெரிக்க விவசாயிகள் பலர் டிராக்டரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். உங்களுக்கும் எனக்கும் அன்று ராத்திரி என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை!

ஆக, இந்தக் கணிப்பு மின்வாரியத்துக்கும் விமானக் கம்பெனிக்கும் செயற்கைக்கோள்காரருக்கும் வேலை சொல்வதற்கு. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதற்கல்ல. ‘புலி வருது’ என்று நாங்கள் தினமும் கத்திக்கொண்டிருந்தால், நிஜப்புலி வரும் நாளில் யார் காதில் ஏறும்?

ராசிபலனுக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிறோம். சூரியனின் பலனுக்கு இரண்டு வரி ஒதுக்கக்கூடாதா? கேளுங்கள். அடுத்த தடவை ‘ராட்சதப் புயல்’ என்று எவராவது எழுதினால், ‘எத்தனை ஜி சார்?’ என்று ஒரு கடிதம் போடுங்கள்.

மற்றபடி, ராத்திரி செல்போனை ஆஃப் பண்ணுங்கள். நல்ல பழக்கம்தான். சூரியனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை!