படகின் அடியில் கரையும் பணம்

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேடு முதல் தூத்துக்குடி வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை. (2017க்கு முன்பு 45 நாட்கள்தான்.) "மீனவர்களுக்கு இரண்டு மாதம் லீவு" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அடுத்த பத்து மாத டீசல் செலவை முடிவு செய்கிற நாட்கள் அவை!

எப்படி என்கிறீர்களா? கடல்நீரில் கிடக்கும் எதன் மீதும் முதலில் வழவழப்பாக ஒரு படலம் சேரும். பிறகு பாசி. அதன்பின் கொட்டலசு என்கிற, சுண்ணாம்பு ஓடு கட்டி ஒட்டிக்கொள்ளும் சிறு உயிர்கள். படகின் அடிப்பாகம் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். உராய்வு கூடும். அதே வேகத்தில் போக எஞ்சின் அதிக டீசல் குடிக்கும். வலை இழுக்கும்போது வலையின் பாரம்தான் பெரிது. ஆனால் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பும் மணிக்கணக்கான ஓட்டத்தில், அந்தச் சொரசொரப்புக்கும் சேர்த்துத்தான் டீசல் எரிகிறது.

அதனால்தான் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிச் சுரண்டுகிறார்கள். உளுத்த பலகையை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்துக் கலப்பத்து அடிக்கிறார்கள். கடைசியில் செம்பு கலந்த பெயிண்ட். அந்தச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் உயிர்கள் ஒட்டுவதில்லை.

இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களின் அடியில் செம்புத் தகடு அடிப்பார்கள். அது அரித்துப் போகிறதே என்று 1824இல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி, தகட்டோடு இரும்புத் துண்டுகளை இணைத்தார். தகடு அரிக்கவில்லை. ஆனால் பாசியும் கொட்டலசும் தாராளமாக வளர்ந்துவிட்டன! தேய்ந்தால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆகவே மறுபடி மறுபடி பூசித்தான் ஆக வேண்டும்.

கணக்குப்பதிவியலில் எஞ்சின் வாங்குவது முதலினச் செலவு. பெயிண்ட் அடிப்பது வருவாயினச் செலவு. ஏட்டில் அது சரிதான். ஆனால் "வெறும் செலவு" என்று நினைத்து அதைத் தள்ளிப்போட்டால், சேமித்த தொகை டீசலாகப் போய்விடும்.

அந்த நஷ்டம் யாருக்கு? "விசைப்படகு வைத்திருப்பவர் முதலாளி, அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதான் மிச்சத்தை உரிமையாளரும் தொழிலாளர்களும் பங்கு பிரிக்கிறார்கள். அடிப்பாகம் சொரசொரப்பானால், வலை இழுப்பவரின் பங்கும் சேர்ந்தே குறைகிறது.

அரசு டீசலுக்கு விற்பனை வரி விலக்கு தருகிறது. அதாவது எரிப்பதற்கு உதவி இருக்கிறது. குறைவாக எரிப்பதற்கு? தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தியது நல்ல விஷயம். ஆனால் அது அடுப்பு எரியத்தான் போதும். படகுப் பராமரிப்போ லட்சங்களில் போகிறது. வருமானமே இல்லாத அந்த மாதங்களில் பலர் மீன் வியாபாரியிடம் கடன் வாங்குகிறார்கள். பிடித்த மீனை அவரிடமே தர வேண்டும், அவர் சொல்வதே விலை. இது வட்டியை விடக் கொடுமை இல்லையா?

கிசான் கடன் அட்டையை மீனவர்களுக்கும் விரிவுபடுத்துவதாக 2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே வழியில், படகின் அடிப்பாகத்தைச் சீர்செய்வதற்கென்றே குறைந்த வட்டியில் ஒரு கடனை மார்ச் மாதத்திலேயே கொடுக்கலாமே! ஆகஸ்டிலிருந்து மாதத் தவணையில் அடைக்கட்டும். மிச்சமாகும் டீசலே தவணையில் ஒரு பகுதியைக் கட்டிவிடும்.

டீசலுக்குக் கொடுக்கும் சலுகை புகையாகிப் போகிறது. பூச்சுக்குக் கொடுக்கும் கடன் திரும்பி வரும். இரண்டில் எது லாபம் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.