ஓடட்டும், கணக்கும் காட்டட்டும்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நகரத்தின் முக்கியச் சாலைகளை மூடிவிட்டு, மார்பில் எண் அட்டையுடன் ஆயிரக்கணக்கானோர் ஓடுவது இந்தியப் பெருநகரங்களில் இன்று புதுமையல்ல. 2004இல் மும்பை மாரத்தானும் 2005இல் தில்லி அரை மாரத்தானும் தொடங்கிய பிறகு, நெடுந்தூர ஓட்டம் விளையாட்டு வீரர்களுக்கு மட்டுமே உரியது என்கிற நிலை மாறியது. அந்தப் பெரும் ஓட்டங்களின் நிழலில் இன்னொரு வகை ஓட்டமும் வளர்ந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கமோ, கல்லூரியின் முன்னாள் மாணவர்களோ, மருத்துவமனை ஊழியர்களோ இருநூறு, முந்நூறு பேரைத் திரட்டி, புற்றுநோய் சிகிச்சைக்கோ பார்வையற்றோர் பள்ளிக்கோ நிதி சேர்ப்பதற்காக நடத்தும் சிறிய ஓட்டம் அது. அங்கே பரிசுத்தொகை கிடையாது. முதலில் வருபவருக்கும் கடைசியில் வருபவருக்கும் ஒரே பதக்கம், ஒரே கைதட்டல்.

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். ஆனால், 5 கிலோமீட்டர் ஓட்டத்தையும் மாரத்தான் என்று அழைப்பது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. 'அறக்கொடை' என்கிற சொல்லையும் அதே தாராளத்துடன் பயன்படுத்துவதுதான் ஆபத்து. அந்தச் சொல்லை நம்பித்தான் சாதாரண மனிதர் தனது பணப்பையைத் திறக்கிறார்.

அறத்துக்காக ஓடுவதற்கு முன்னுதாரணமாக உலகம் நினைவுகூர்வது கனடாவைச் சேர்ந்த டெர்ரி ஃபாக்ஸ் என்கிற இளைஞரை. எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த அவர், 1980 ஏப்ரல் 12ஆம் தேதி செயற்கைக் காலுடன் தனது நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. 1981 ஜூன் மாதம் அவர் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் கனடிய டாலர் திரட்டினர். போட்டி கூடாது, நிறுவனங்களின் விளம்பரம் கூடாது என்பதே அந்த ஓட்டத்தின் விதி. சென்னை ஐஐடி வளாகத்திலும் இந்த ஓட்டம் நடத்தப்பட்டிருக்கிறது. விளம்பரத்தை விலக்கியதால் அந்த ஓட்டம் சுருங்கிவிடவில்லை. மக்களின் நம்பிக்கையால் வளர்ந்தது.

இந்தியாவில் நிலைமை என்ன? 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் தமது சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்த நிதியைக் கொண்டு ஓட்டப் பந்தயங்களை நடத்திவிட்டுக் கணக்கை முடித்துவிடக் கூடாது என்பதற்காக, 2014 ஜூன் 18ஆம் தேதி மத்திய நிறுவன விவகார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மாரத்தான் போன்ற ஒருமுறை மட்டும் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கான செலவு சமூகப் பொறுப்புச் செலவாகக் கருதப்படாது என்று அதில் மாரத்தானின் பெயரைச் சொல்லியே குறிப்பிடப்பட்டிருந்தது. விளம்பர ஆதாயம் கருதி அளிக்கப்படும் ஆதரவும் இந்தக் கணக்கில் சேராது என்று 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகள் மேலும் தெளிவுபடுத்தின.

இந்தத் தடை நியாயமானது. பதாகைகளில் நிறுவனத்தின் பெயர் மின்னுவதற்காகச் செலவிடப்படும் பணம் விளம்பரச் செலவே தவிர, அறச் செலவு அல்ல. ஆனால், இதன் விளைவு எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. பெருநகரப் பந்தயங்களுக்கு நிறுவனங்கள் தமது விளம்பர நிதியிலிருந்தே கோடிகளைத் தரும். முந்நூறு பேர் ஓடும் சிற்றோட்டத்தில் விளம்பர ஆதாயம் ஏது? அங்கே விளம்பர நிதியும் வராது. சமூகப் பொறுப்பு நிதிக்கும் வழியில்லை. எஞ்சியிருப்பது பங்கேற்பாளர்களின் கட்டணமும் அவர்களது உறவினர், நண்பர்கள் தரும் நன்கொடையும் மட்டுமே.

அந்த நன்கொடைக்கு ஊக்கமாக இருந்த வரிச்சலுகையின் ஈர்ப்பும் குறைந்துவருகிறது. '80ஜி' என்று மக்கள் நாவில் பழகிவிட்ட சலுகை, 2020ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிமுகமான புதிய வரிவிகித முறையில் செல்வோருக்குக் கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல், வேறு விருப்பம் தெரிவிக்காத தனிநபர்களுக்கு அந்தப் புதிய முறையே பொருந்துகிறது. பழைய முறையில் தொடர்வோருக்கும், சலுகை பெறத்தக்க ரொக்க நன்கொடையின் வரம்பை 10,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் குறைத்துவிட்டது. ஆக, இனி வரியைக் காட்டி நன்கொடை கேட்க முடியாது. நம்பிக்கையைக் காட்டித்தான் கேட்க முடியும்.

வெளிநாட்டிலிருந்து நண்பர்கள் அனுப்பும் பணத்திலும் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையுடன் வெளிநாட்டில் பணிபுரிவோர் தமது சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடைக்குத் தடையில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரிடமிருந்து வாங்கினால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பாய்கிறது. அதற்குரிய பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே முதலில் வர வேண்டும். நல்ல நோக்கத்துடன் நடத்தப்படும் ஓர் ஓட்டம் இந்த விதியை அறியாததால் வழக்கில் சிக்கினால், அடுத்த ஆண்டு ஓடுவதற்கு யாரும் முன்வரமாட்டார்கள்.

சிற்றோட்டத்தின் உண்மையான சோதனை செலவுக் கணக்கில்தான் இருக்கிறது. முந்நூறு பேர் தலா 500 ரூபாய் செலுத்தினால் ஒன்றரை லட்சம் ரூபாய் சேரும். பனியன், பதக்கம், மேடை, ஒலிபெருக்கி, சிற்றுண்டி என்று தலைக்கு 400 ரூபாய் செலவாகிவிட்டால், அறப்பணிக்கு மிஞ்சுவது வெறும் 30,000 ரூபாய். அப்படியானால் ஓடியவர் வாங்கியது பனியன். அவர் கொடுத்தது நன்கொடை அல்ல. நிகழ்ச்சிச் செலவைக் கட்டணத்திலிருந்து எடுப்பதும், நன்கொடையாக வந்ததை ஒரு ரூபாய்கூடக் குறையாமல் உரிய அமைப்புக்கு அளிப்பதும்தான் நேர்மையான முறை. எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, யாருக்கு எவ்வளவு போனது என்ற மூன்று வரிகளை ஓட்டம் முடிந்த ஒரு மாதத்துக்குள் பங்கேற்றோர் அனைவருக்கும் அனுப்புவது பெரிய சுமையல்ல.

கணக்கைவிட முக்கியமானது உயிர். சிறிய ஓட்டம், தெரிந்தவர்கள் ஓடும் ஓட்டம் என்கிற அலட்சியத்துக்கு இடமில்லை. 2021 மே 22ஆம் தேதி சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் கலந்துகொண்டவர்கள் 172 பேர் மட்டுமே. திடீரென்று வீசிய குளிர்காற்றிலும் ஆலங்கட்டி மழையிலும் சிக்கி, உடல் வெப்பம் குன்றி அவர்களில் 21 பேர் மாண்டனர். நமது சமவெளிகளில் அச்சுறுத்துவது குளிரல்ல, வெயிலும் நச்சுக்காற்றும். 2017 நவம்பர் 19ஆம் தேதி தில்லி அரை மாரத்தான், அதை ஒத்திவைக்குமாறு இந்திய மருத்துவச் சங்கம் கோரியதையும் மீறி நடத்தப்பட்டது. மறு ஆண்டு அந்த ஓட்டம் அக்டோபருக்கு மாற்றப்பட்டது. பெரிய அமைப்பாளர்களே காலத்தை மாற்றிக்கொண்டபோது, சிறிய அமைப்பாளர்கள் காற்றின் தரக் குறியீட்டைப் பார்க்காமல் தேதி குறிப்பது பொறுப்பாகாது.

தண்ணீர் கொடுப்பதிலும் அறிவு தேவை. பல மணி நேரம் ஓடுபவர் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால், ரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்கி விழக்கூடும். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், நிழல், ஓர் ஆம்புலன்ஸ், மாரடைப்புக்கு முதலுதவி அளிக்கத் தெரிந்த இருவர், கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வரும் ஒரு தன்னார்வலர் ஆகியவை இல்லாத ஓட்டத்துக்கு அனுமதியே அளிக்கக் கூடாது.

அரசின் கடமையும் இருக்கிறது. காவல் நிலையம், போக்குவரத்துக் காவல் பிரிவு, மாநகராட்சி, தீயணைப்புத் துறை என்று ஒவ்வொரு படியாக ஏறி இறங்கும் அலைச்சலில், ஓடுவதற்கு முன்பே அமைப்பாளர்களின் மூச்சு வாங்கிவிடுகிறது. 'ஃபிட் இந்தியா' இயக்கத்தை 2019 ஆகஸ்ட் 29இல் தொடங்கி, மக்களை ஓடச் சொன்னது மத்திய அரசு. அந்த அழைப்பை ஏற்றுத் தாமாக ஓட வருவோருக்கு வழியைச் சுலபமாக்குவது அரசுக்கு அழகு. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட, பரிசுத்தொகை இல்லாத அறக்கொடை ஓட்டங்களுக்கு ஒரே இடத்தில் அனுமதி, அரசுப் பள்ளி, மாநகராட்சி மைதானங்களில் வாடகை விலக்கு, அரசு மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸ் ஆகியவற்றை மாநில அரசுகளே அளிக்க முடியும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. பதிலுக்கு, பாதுகாப்புத் திட்டத்தை முன்கூட்டியே அளிக்க வேண்டும், வரவு செலவுக் கணக்கை வெளியிட வேண்டும் என்று இரண்டே நிபந்தனைகளை விதிக்கலாம். கணக்குக் காட்டாதவர்களுக்கு மறு ஆண்டு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டால் போதும்.

வசதி படைத்தவர்களின் வாரக்கடைசிப் பொழுதுபோக்கு என்று இந்த ஓட்டங்களை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், அரசின் திட்டமோ பெருநிறுவனத்தின் நிதியோ எட்டாத ஒரு சிறிய பள்ளிக்கோ மருத்துவ மையத்துக்கோ, அக்கம்பக்கத்தார் முந்நூறு பேர் தமது வியர்வையால் சேர்க்கும் ஒரு லட்ச ரூபாயின் மதிப்பு வேறு. ஒரு முறை அந்தப் பணம் திசைமாறினால் கெடுவது ஓர் ஓட்டத்தின் பெயர் மட்டுமல்ல. அடுத்து நேர்மையாகக் கைநீட்டுவோருக்கும் கதவு சாத்தப்படும்.