சீப்பைப் பறிக்க வேண்டாம், பிடியை மாற்றுவோம்

முதியோருக்குப் பணிவிடை செய்வது பற்றி எமது சஞ்சிகையில் அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். நல்ல விடயந்தான். ஆனால் பணிவிடை என்ற பெயரில் வீடுகளில் நடக்கும் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. மூட்டுவாதம் வந்த உம்மம்மாவின் கையிலிருந்து சீப்பை வாங்கி, “நீங்க சும்மா இருங்க, நான் வாரி விடுறன்” என்கிறோம். கொஞ்ச நாளில் நகம் வெட்டுவதும் எமது கைக்கு வந்துவிடுகிறது. பிறகு பல் துலக்குவதும் வருகிறது. அறுபது வருடம் தன் கூந்தலைத் தானே முடிந்த ஒருவர், பேத்தி பாடசாலை விட்டு வரும்வரை தலைவாராமல் காத்திருக்கிறார். கை பழுதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கையில் கொடுத்த பிடி எப்படிப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டுப் பற்தூரிகையை எடுத்துப் பாருங்கள். பென்சிலைவிடச் சற்றுத் தடிப்பு, அவ்வளவுதான். அதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிப் பிடித்து, மற்ற விரல்களை இறுக மடக்க வேண்டும். மூட்டு வீங்கியவருக்கு முடியாத காரியமே அதுதான். பிடி தடிப்பாக இருந்தால் விரல்கள் பாதி மடங்கினாலே போதும். உள்ளங்கையும் சேர்ந்து தாங்கிக்கொள்ளும். உருண்டைப் பிடி ஈரக் கையில் சுழன்றுவிடும். முட்டை வடிவப் பிடி சுழலாது. தடிப்போடு பாரமும் கூடினால் மணிக்கட்டு நோகும்.

சீப்பின் கதை வேறு. தோளை உயர்த்த முடியாதவருக்குத் தடித்த பிடி மட்டும் உதவாது. பிடி நீளமாகவும், கொஞ்சம் வளைந்தும் இருக்க வேண்டும்.

கடையில் சிறுபிள்ளைகளின் பற்தூரிகைக்குத் தடித்த, மெத்தென்ற பிடி இருக்கிறது. பிள்ளை முழுக் கையாலும் பொத்திப் பிடிக்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்காக யோசித்தவர்கள் எழுபத்து மூன்று வயதுக்காரரை ஏன் மறந்தார்கள்? என் உம்மம்மா தம்பியின் தவளைப் படம் போட்ட பற்தூரிகையைத்தான் விரும்பி எடுப்பார். தம்பிக்கு அதில் பெரிய கோபம்!

இது தீர்க்க முடியாத பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தன் மனைவி பெட்சி தோல் சீவும் கருவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைக் கண்டார். வடிவமைப்பாளர்களுடன் சேர்ந்து தடித்த, முட்டை வடிவ, றப்பர் போன்ற மென்மையான பிடியை உருவாக்கினார். விரல் படும் இடத்தில் மெல்லிய வரிகள் வைத்தார்கள். சைக்கிள் கைப்பிடியைப் பார்த்து வந்த யோசனை அது. 1990இல் ‘ஒக்ஸோ குட் கிரிப்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அது சமையலறைச் சாமான்தான். ஆனால் அதில் எனக்குப் பிடித்த விடயம், அதை நோயாளிகளுக்கான பொருள் என்று விற்கவில்லை என்பது. எல்லோரும் வாங்கினார்கள். நல்ல பிடி எல்லாக் கைக்கும் சுகம். “இது ஏலாதவங்களுக்கு” என்று ஒட்டிக் கொடுத்தால் என் உம்மம்மாவும் தொடமாட்டார்.

இந்த நாட்டில் 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. றப்பரும் இங்கேயே விளைகிறது. ஆனாலும் நான் கண்ட மாணவர் செயற்றிட்டங்கள் பெரும்பாலும் பாலம், பாரந்தூக்கி, தானாக இயங்கும் நீர்ப்பம்பி. கண்காட்சியில் அவை அழகாகத்தான் இருக்கும். ஒரு சீப்புக்குப் பிடி செய்து காட்டினால் நடுவர்கள் சிரிப்பார்களோ என்று பயப்படுகிறோம் போலும். நான் நடுவராக இருந்தால் அதற்கே கூடப் புள்ளி கொடுப்பேன். அதைச் செய்ய ஒரு மனிதரின் கையை அளக்க வேண்டும், அவரிடம் பத்துத் தடவை கொடுத்து வாங்க வேண்டும், அவர் “சரியில்லை மகள்” என்றால் திரும்பவும் வெட்ட வேண்டும். பாலம் அப்படியெல்லாம் குறை சொல்லாது.

பெற்றோர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. சைக்கிள் கைப்பிடி றப்பரைப் பற்தூரிகையில் செருகலாம். தளர்வாக இருந்தால் உள்ளே துணி சுற்றி இறுக்கலாம். ஈரத்தில் துணி பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே அடிக்கடி மாற்ற வேண்டும். சீப்பை ஒரு மெல்லிய தடியோடு சேர்த்துக் கட்டலாம். நகவெட்டியைச் சிறு பலகையில் பொருத்தி மேசையில் வைத்தால், விரலால் கிள்ளாமல் உள்ளங்கையால் அழுத்தி வெட்டலாம்.

கைநகத்துக்கு அது போதும். கால்நகத்துக்குக் குனிய வேண்டியிருக்கிறது. அதற்கு நீண்ட பிடி வைத்தால் அழுத்தும் விசை நகத்துக்குப் போய்ச் சேரவில்லை. அந்த இடத்தில்தான் நானும் உம்மம்மாவும் இப்போது நிற்கிறோம். யாரிடமாவது யோசனை இருந்தால் உயர்தர வகுப்புக்கு வந்து சொல்லுங்கள்.